எழுபது நாள் நடந்த கால்

செப்டம்பர் 4, திங்கள்

வார்த்தை எழுதத்தான் இந்த நோட்டு. நாட்குறிப்பு எழுதுகிற ஆள் நான் இல்லை. இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதியவன். எழுதுகிற வேலையெல்லாம் தமிழய்யாவுக்கு என்று விட்டவன். ஆனால் வெறும் வார்த்தையை எழுதினால் மண்டையில் நிற்காது, அன்றைக்கு நடந்ததையும் சேர்த்து எழுதினால்தான் நிற்கும் என்கிறாள் என் மனைவி சுகிர்தா. அவள் அப்படித்தான் இந்த ஃபின்னிஷ் பாஷையைப் படித்தாளாம். சரி, எழுதித் தொலைக்கிறேன்.

சனிக்கிழமை அவளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன். ஜூன் கடைசியில் வேலைக்குப் போன இடத்தில் விழுந்தாள். மூளையில் ரத்தக்கசிவு. இடது கையும் இடது காலும் போயின. பேச்சு தப்பியது, கொஞ்சம் குழறல். நாற்பத்தேழு வயதுதான் ஆகிறது. இந்த ஊர் முதியோர் இல்லத்தில் நர்ஸ். அவள் வேலைக்காகத்தான் ஆறு வருஷத்துக்கு முன் எங்கள் ஊர் நாசரேத்தை விட்டு பின்லாந்துக்கு வந்தோம். பாஷையை அவள் கரைத்துக் குடித்தாள். எனக்குத் தெரிந்தது நன்றி, மன்னிக்கவும், பால், ரொட்டி. அவள் இருக்கிறாளே என்று இருந்துவிட்டேன்.

இன்று பிசியோதெரபி பெண் வீட்டுக்கு வந்தார். பெயர் மார்யுத். ஐம்பது வயது இருக்கும், குட்டை முடி, கட்டை விரலில் பிளாஸ்டர். நான்கு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். படுத்துக்கொண்டு முழங்காலை மடக்கி நீட்டுவது. பாதத்தைத் தூக்குவது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எழுந்திருப்பது. எழுந்து பிடிமானம் இல்லாமல் நிற்பது. நோயாளியே எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். முதல் ஆறு மாதம் பொன் மாதிரி, அதற்குள் வருவதுதான் வரும் என்றார். நவம்பர் 14 அன்று ஆஸ்பத்திரியில் பார்ப்பார்கள். கால் முன்னேறும் என்று தெரிந்தால் மூன்று மாதம் மறுவாழ்வு மையத்தில் இடம். இல்லையென்றால் நிரந்தரப் பராமரிப்பு இல்லம். அதற்கப்புறம் யாரும் நடக்க வைக்க மாட்டார்கள், படுக்கையைத் திருப்பிப் போடுவதோடு சரி.

ஒரு நீல நோட்டு கொடுத்துவிட்டுப் போனார். தினமும் நாம் எழுத வேண்டும். என்ன பயிற்சி, எத்தனை தடவை, எத்தனை நிமிஷம். எல்லாம் ஃபின்னிஷில். செய்யவில்லை என்றால் செய்யவில்லை என்று எழுதுங்கள், அதுவும் எங்களுக்குத் தேவைதான் என்றார். பதிவேட்டில் எவனாவது அப்படி எழுதுவானா!

இன்றைய வார்த்தை: லீக்குந்தா, உடற்பயிற்சி. கோகிஸ்தா, மடக்கு. ஓயென்னா, நீட்டு. நோஸ்தா, தூக்கு. ஸேய்ஸோ, நில்.

செப்டம்பர் 5, செவ்வாய்

ஹெங்ஙிதா, மூச்சு விடு. லேப்போ, ஓய்வு. லிஹாஸ், தசை.

காலையில் பயிற்சி ஆரம்பித்தோம். மதியம் வெந்தயக் குழம்பு. நீல நோட்டில் முதல் பக்கம் நிறைந்தது.

செப்டம்பர் 6, புதன்

தொய்ஸ்தோ என்றால் ஒரு தடவை செய்வது. பத்து தொய்ஸ்தோ என்றால் பத்துத் தடவை.

இன்று போர்வை, விரிப்பு எல்லாம் துவைத்தேன். மெஷின் இரண்டு தடவை ஓடியது. சுகிர்தா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அழுகிறாளா என்று பார்க்க நான் அந்தப் பக்கம் போகவில்லை. கஞ்சி வைத்து, துவையல் அரைத்து, ஊட்டிவிட்டேன். நல்லாச் சாப்பிட்டாள்.

செப்டம்பர் 11, திங்கள்

தசபைனோ. உடம்பு சாயாமல் நிற்பது. நல்ல வார்த்தை.

எஸ்தர் ஊரிலிருந்து போன் பண்ணினாள். சுகிர்தாவின் தங்கச்சி. "அத்தான், அக்கா நடக்காளா?" என்றாள். "நடக்கா, நடக்கா. இப்பம்தான் பாத்ரூம் வரைக்கும் போயிட்டு வந்தா" என்றேன். அவள் அந்தப் பக்கம் ஸ்தோத்திரம் சொல்லி அழுதாள். சுகிர்தா கட்டிலில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு முகம் சுட்டது. டீ போடப் போய்விட்டேன்.

செப்டம்பர் 19, செவ்வாய்

இந்த நோட்டை எடுத்து ஒரு வாரம் ஆகிறது. சரி, இங்கேயாவது உள்ளதை எழுதிவிடுகிறேன். இந்த ஊரில் தமிழ் வாசிக்கத் தெரிந்தது அவள் ஒருத்திதான். நோட்டு ஃப்ரிட்ஜ் மேலே இருக்கிறது, அவளுக்கு எட்டாது.

பயிற்சி நடக்கவில்லை. முதல் நாள் ஐந்து நிமிஷம் நடந்தது. இரண்டாம் நாள் "நோஸ்தா" என்று நான் சொல்ல, அவள் தூக்கப் பார்த்தாள். முகமெல்லாம் வேர்த்தது, உதடு ஒரு பக்கமாகக் கோணியது, கால் அப்படியே கிடந்தது. முக்கிய முக்கில் படுக்கையிலேயே நனைத்துவிட்டாள். "என்னிய விட்டுருங்க" என்றாள். ஆறு வருஷம் மற்றவர்கள் படுக்கையைச் சுத்தம் பண்ணியவள், இன்னொருத்தன் தனக்குப் பண்ணுவதைத் தாங்கமாட்டாள். அது புருஷனாக இருந்தாலும். நான் விட்டுவிட்டேன். அன்றைக்கு விட்டவன்தான்.

நானா இப்படி? வெயிலில் நாற்பது பயல்களை மைதானம் சுற்றி ஓடவிட்டு, நின்றவனைப் பிரம்பால் தட்டி ஓடவைத்த பீட்டி சார். "எபனேசர் சார் வாராரு" என்றால் வராண்டா காலியாகும். அந்தக் குரல் இந்த வீட்டில் வெளியே வரவில்லை. அவள் முகம் அப்படிக் கோணுவதைப் பார்த்தால் எனக்குக் குலை நடுங்குகிறது.

நீல நோட்டு மட்டும் நாள் தவறாமல் நிறைகிறது. இது எனக்குப் புது வித்தையா? ஊரில் வருஷா வருஷம் இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தின நாள் உடற்தகுதிப் பதிவேடு நிரப்ப வேண்டும். அறுநூற்றுச் சொச்சம் பிள்ளைகள். உயரம், எடை, ஐம்பது மீட்டர் ஓட்டம், நீளம் தாண்டுதல். எந்த மடையன் அத்தனை பேரையும் அளப்பான்? ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதிவிடுவேன். ஒரே பேனாவில் எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்று மூன்று பேனா. நடுவில் ஒரு பையனுக்கு ஓட்டத்தைக் குறைத்துப் போடுவேன், காய்ச்சலில் ஓடினான் என்கிற மாதிரி. ஒரு அதிகாரியும் ஒரு கேள்வி கேட்டதில்லை. "பேஷ், பதிவேடு கண்ணாடி மாதிரி இருக்கு" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள்.

இங்கேயும் மூன்று பேனா வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 27, புதன்

யக்ஸா.

இது மார்யுத் அடிக்கடி சொல்கிற வார்த்தை. முதல் நாள் சுகிர்தா காலைத் தூக்கப் பார்த்தபோது "யக்ஸா, யக்ஸா!" என்று கையைத் தட்டினார். அகராதியில் நாலு வரிக்கு அர்த்தம் போட்டிருக்கிறான், ஒன்றும் விளங்கவில்லை. சுகிர்தாவிடம் கேட்டேன்.

"நம்மூர்ல ஏலும்னு சொல்லுவோம்லா, அதுதான். உடம்புக்கும் ஏலணும், மனசுக்கும் ஏலணும். ரெண்டுக்கும் சேத்து ஒரே வார்த்த."

"அப்பம் ஏலலன்னா?"

"என் யக்ஸா."

இந்தப் பாஷையில் 'என்' என்றால் என்னால் இல்லை என்று அர்த்தம். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நீல நோட்டில் எழுதினேன்: முழங்கால் மடக்குதல் பத்து, பாதம் தூக்குதல் எட்டு, எழுந்து நிற்றல் ஐந்து, மொத்தம் இருபத்தைந்து நிமிஷம்.

அக்டோபர் 3, செவ்வாய்

ஹீஹ்தோ, பனிச்சறுக்கு. உயிந்தி, நீச்சல். ஸோவாகேவெலு, இரண்டு கையிலும் குச்சி வைத்துக்கொண்டு நடப்பது. கிழவிகள் எல்லாம் இப்படி ஏரியைச் சுற்றி விறுவிறு என்று போகிறார்கள். எண்பது வயதில் ஒருத்தி என்னைத் தாண்டிப் போனாள். எனக்கு அவளைப் பிடித்துத் தள்ளலாம் போல இருந்தது. என்ன குணம் இது.

இன்று சுகிர்தாவுக்குத் தலை பின்னிவிட்டேன். நகம் வெட்டினேன். சோறு பிசைந்து ஊட்டினேன். காலையில் எழுந்ததும் அவள் கேட்கிற முதல் வார்த்தை "எங்க போயிட்டிய?" என்பதுதான். கடைக்குப் போனால் எப்போது வருவேன் என்று ஜன்னலைப் பார்த்தபடி இருக்கிறாள். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நான்தான் அவள் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். பேங்கில் அவள் பேசுவாள், டாக்டரிடம் அவள் பேசுவாள், பள்ளிக்கூட ஜிம்மைக் கூட்டுகிற வேலையையும் அவள்தான் எனக்குக் கேட்டு வாங்கித் தந்தாள். இப்போது அவளுக்கு ஒன்று வேண்டும் என்றால் என்னைத்தான் கூப்பிட வேண்டும்.

இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 9, திங்கள்

மார்யுத் வந்தார். காலையிலிருந்து நீல நோட்டை மூன்று தடவை சரிபார்த்தேன். அட, இன்ஸ்பெக்ஷனுக்குக்கூட இப்படிப் பார்த்ததில்லையே.

முதலில் நீல நோட்டைப் புரட்டினார். ஒவ்வொரு பக்கமாக, விரல் வைத்துப் படித்தார். அப்புறம் காலை அளந்தார். தொடையைச் சுற்றி டேப் வைத்து எழுதிக்கொண்டார். முகம் சுருங்கியது. போன மாதத்தைவிட மெலிந்திருக்கிறதாம். மறுபடி நோட்டைப் பார்த்தார், மறுபடி காலைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து நான் கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டிலில் உட்கார்ந்து சுகிர்தாவுக்கு ஊட்டப் போனேன். மார்யுத் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அவளுக்கு வலது கை நன்றாக இருக்கிறதே, அவளே சாப்பிடட்டும் என்றார். கையைத் தட்டிவிட்ட மாதிரி எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் நான் ஊட்டுவேன், உங்களுக்கென்ன என்று கேட்க வார்த்தை தெரியவில்லை. அவர் நல்ல மனுஷிதான். ஆனால் கோபம் வந்தது.

பிறகு என் கண்ணைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். சுகிர்தா மொழிபெயர்த்தாள்: "கஷ்டமா இருக்கான்னு கேக்காங்க. முடியலன்னா சொல்லுங்க, வாரம் மூணு தடவ ஆள் அனுப்புதேன்னு சொல்லுதாங்க. மனசுக்குப் பேச ஆளும் உண்டாம்."

அவள் இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலில் இருந்த செடியைப் பார்த்தாள்.

சொல்லியிருக்கலாம். வாயில் வரை வந்தது. ஆனால் ஐந்து வாரப் பக்கங்கள் அந்த அம்மாள் மடியில் கிடந்தன. அத்தனையும் பொய் என்று எந்த மூஞ்சியை வைத்துச் சொல்வது? எனக்குத் தெரிந்த ஃபின்னிஷில் சொன்னேன்: ஆமாம், நன்றாக, எல்லாம் நன்றாக. வாத்தியாரிடம் மாட்டாமல் தப்பிக்கிற பையன் மாதிரி சிரிப்பு வேறு.

மார்யுத் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அக்டோபர் 10, செவ்வாய்

வார்த்தை இல்லை.

அக்டோபர் 20, வெள்ளி

வேநுதெல்லா, உடம்பை இழுத்து விடுதல். யுவொஸ்தா, ஓடு. ஹ்யுப்பியா, குதி. இதுவரை நூற்றுப் பதினெட்டு வார்த்தை ஆகிவிட்டது. மனுஷ உடம்பு செய்யக்கூடிய எல்லாவற்றுக்கும் எனக்குப் பேர் தெரியும்.

சாயங்காலம் சுகிர்தா திடீரென்று கேட்டாள். "ஏங்க, நான் எழும்பி நடந்துட்டேன்னு வையுங்க. நீங்க என்ன செய்விய?"

"என்ன கேள்விட்டி இது? சந்தோசப்படுவேன்."

"சும்மாதான் கேட்டேன்."

மீன் வறுத்தேன். கருகிவிட்டது.

அக்டோபர் 29, ஞாயிறு

இன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிற நாள். நாலரைக்கெல்லாம் இருட்டு. முதல் பனி விழுந்து, விழுந்த இடத்திலேயே சேறாகிவிட்டது.

நீல நோட்டில் நேற்று இருந்த கணக்கே இன்றைக்கும். அலுத்துப்போய், "வாசல்படி வரை நடந்தாள், மூன்று நிமிஷம்" என்று சேர்த்தேன். எழுதி முடித்துவிட்டு வாசல்படியைப் போய்ப் பார்த்தேன். கட்டிலிலிருந்து எனக்குப் பதினொரு எட்டு.

நவம்பர் 7, செவ்வாய்

இன்னும் ஒரு வாரம். இன்று துணிந்து போர்வையை விலக்கினேன். "கோகிஸ்தா" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே கை வைத்துத் தூக்கினேன். கால் கனமே இல்லை. எலும்பும் தோலும். மடக்கும்போது "அம்மா" என்று கத்திவிட்டாள். மூட்டு இறுகிவிட்டது. இரண்டு மாதம் நான் சும்மா விட்ட கால்.

போர்வையை மூடினேன். பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஆம்பளை அழுகிற சத்தம் கேட்கக் கூடாது அல்லவா.

நவம்பர் 14, செவ்வாய்

முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறை. நீள மேஜை. டாக்டர், மார்யுத், நாங்கள் இரண்டு பேர். சுகிர்தா சக்கர நாற்காலியில், நீலச் சேலை கட்டிவிட்டிருந்தேன். முதலில் அவளை எழுப்பி நிறுத்திப் பார்த்தார்கள். இரண்டு பேர் பிடித்தும் கால் துணி மாதிரி தொங்கியது. பிடியை விட்டதும் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் நீல நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு பேசினார். சுகிர்தா ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். குழறல் இல்லாமல், ஆஸ்பத்திரிப் பேச்சில்.

"எழுபது நாள். ஒரு நாள் கூட விடல. இப்பிடி ஒரு நோட்ட நான் பாத்ததில்லன்னு சொல்லுதாரு."

நான் தலையாட்டினேன்.

"இத்தன பயிற்சி செஞ்சும் கால் வரலன்னா, மூளையில அந்த இடம் முழுசாப் போயிட்டுன்னு அர்த்தமாம். மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பி வதைக்கது நியாயமில்லையாம். அந்த எடத்த வேற ஒருத்தருக்குக் குடுப்பாங்களாம்."

மார்யுத் மேஜைக்கு மேலே எட்டி என் கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. நீங்கள் ஒரு மனுஷனால் முடிந்த அத்தனையும் செய்துவிட்டீர்கள், உங்களை நீங்களே குற்றம் சொல்லாதீர்கள் என்றார். அதையும் சுகிர்தாவே சொன்னாள்.

நான் எழுந்து நின்றேன். என்ன சொல்வது? மடக்கு தெரியும், நீட்டு தெரியும், தூக்கு, ஓடு, குதி தெரியும். நூற்று நாற்பது வார்த்தை. பொய் என்பதற்கு வார்த்தை தெரியவில்லை. நோட்டைக் காட்டி, கையை ஆட்டி, இல்லை இல்லை என்றேன். டாக்டர் பரிதாபமாகப் பார்த்தார். தாங்க முடியாமல் தவிக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

"சுகி, சொல்லுட்டி" என்றேன். "நான் எழுதுனது பூராப் பொய்யின்னு சொல்லு. ஒண்ணும் செய்யலன்னு சொல்லு."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி ஒரே வார்த்தை சொன்னாள். கீதோஸ். நன்றி. அது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்த வார்த்தை.

நவம்பர் 15, புதன்

"ஏன்ட்டி சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? எம் புருசன் பொய்யன்னா? அவங்க முன்னாலயா?"

"உன் கால் போவுதுட்டி!"

"கால் ஜூன்லயே போயிட்டு." பிறகு சொன்னாள்: "மூணாம் நாளே எனக்குத் தெரியும். நீங்க பேனாவ மாத்தி மாத்தி எழுதுறதப் பாத்தேன். அப்பாடான்னு இருந்துச்சுங்க. இனி யாரும் என்னிய தூக்கச் சொல்ல மாட்டாங்கன்னு. எனக்கும் ஏலல. உங்க மேல மட்டும் பழியப் போட எனக்கு வாய் வரல."

நான் வாசலைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டேன். ஏரியை ஒரு சுற்றுச் சுற்றினேன். அவள் மேல் அவ்வளவு கோபம். சொல்லியிருக்கலாமே, பாவி! எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு, இவள் நர்ஸ் அல்லவா, காலை இப்படிப் போட்டால் என்ன ஆகும் என்று தெரியாதா? இரண்டாம் சுற்றில் கோபம் என் மேலேயே திரும்பியது. அவள் படுக்கையில் கிடந்தவள். நிற்கிற கால் எனக்குத்தான் இருந்தது.

நவம்பர் 17, வெள்ளி

போனில் மொழிபெயர்ப்புச் செயலியை வைத்து மார்யுத்துக்குக் கடிதம் எழுதினேன். ஏழு வரி. நோட்டில் இருப்பது உண்மை இல்லை. பயிற்சி செய்யவில்லை. அவள் அழுதாள், நான் பயந்தேன். எங்கள் ஊரில் பதிவேடு இப்படித்தான் எழுதுவோம். குற்றம் என்னுடையது, அவளுடையது இல்லை. தயவுசெய்து இன்னொரு தடவை பாருங்கள்.

பொய் என்பதற்கு வாலெ என்கிறார்கள். நூற்று நாற்பத்தொன்றாவது வார்த்தை.

நவம்பர் 20, திங்கள்

பதில் வந்தது. சுகிர்தாதான் படித்துச் சொன்னாள்.

எழுதியதற்கு நன்றி. மறு பரிசீலனைக்கு மனு போடலாம், ஆனால் வசந்த காலம் வரை ஆகும். அதற்குள் ஆறு மாதம் தாண்டிவிடும். மூட்டு இறுகிவிட்டதால் இனி எவ்வளவு வரும் என்று தன்னால் சொல்ல முடியாது. பராமரிப்பு இல்லத்தில் டிசம்பர் 4-ஆம் தேதி இடம் காலியாகிறது. கடைசியில் ஒரு வரி: அக்டோபரில் நான் உங்களைக் கேட்டபோது இதைச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

எந்த இல்லம் என்று கேட்டேன். இந்த ஊரில் ஒன்றுதானே உண்டு, அவள் வேலை பார்த்த அதே இடம்தான். "எனக்கு அங்க எல்லாரையும் தெரியும்" என்றாள். சிரிக்கப் பார்த்தாள். ஒரு பக்க உதடு மட்டும் சிரித்தது.

நவம்பர் 21, செவ்வாய்

காலையில் காபி கொடுத்தபோது சுகிர்தா சொன்னாள்: "போர்வைய எடுங்க."

"எதுக்கு?"

"பதிமூணு நாள் இருக்கு. ஆரம்பிங்க."

"இனி எதுக்குட்டி? யாரு பாக்கப் போறா?"

"அதுக்குத்தான். யாரும் பாக்க மாட்டாங்கல்லா." பிறகு, "அனுதாபத்தோட தொடாதீங்க. எனக்கு எரிச்சலா வருது. பிள்ளைகள மெரட்டுவியள்லா, அப்பிடிக் கமாண்ட் குடுங்க சார்" என்றாள்.

சார் என்று அவள் கூப்பிட்டு இருபது வருஷம் இருக்கும். பெண் பார்க்கப் போன அன்றைக்குக் கூப்பிட்டது.

குரலைத் திரட்டிக் கொடுத்தேன். கோகிஸ்தா! மேல்வீட்டுக்காரன் தரையைத் தட்டினான். அவள் கத்தினாள். நான் விடவில்லை. ஓயென்னா! மறுபடி கோகிஸ்தா! அவள் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள். கோவில் பாடகர் குழுவில் பாடியவள் வாயில் அப்படி ஒரு வார்த்தை இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான்கு தடவை செய்தோம். இரண்டு பேருக்கும் மூச்சிரைத்தது.

நீல நோட்டில் எழுதினேன்: மடக்குதல், நான்கு. படுக்கை நனைந்தது. மாற்றினோம்.

நவம்பர் 26, ஞாயிறு

மடக்குதல் ஒன்பது. பாதம் தூக்குதல் பூஜ்யம். உட்கார்ந்து எழுந்திருத்தல், முயன்றோம், முடியவில்லை. சாப்பாடு அவளே சாப்பிட்டாள். பாதி கீழே சிந்தியது. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சிந்தின சோற்றைத் துடைக்கும்போது தோன்றியது. இதைச் செப்டம்பரில் செய்திருந்தால். இந்த நினைப்பு ஒரு நாளைக்கு நூறு தடவை வருகிறது. பல் துலக்கும்போது, பஸ்ஸைப் பார்க்கும்போது. சாகும்வரை வரும் என்று நினைக்கிறேன். வரட்டும்.

நவம்பர் 30, வியாழன்

எழுந்தாள். நான் இடுப்பைப் பிடித்திருந்தேன். பிடியை விட்டேன். ஒரு வினாடி. விழுந்தாள், என் மேலே. இரண்டு பேரும் தரையில். எனக்கு முழங்கை அடி. அவள் சிரித்தாள், அப்புறம் அழுதாள், நிறுத்தவே முடியவில்லை.

நோட்டில்: நிற்றல், ஒரு வினாடி.

டிசம்பர் 2, சனி

நிற்றல், இரண்டு வினாடி. மறு முயற்சி, பூஜ்யம். பெட்டி அடுக்கினேன். நைட்டி ஆறு, சால்வை, பைபிள், அவள் கண்ணாடி. சேலை வேண்டாம் என்றாள். "அங்க யாருக்குக் கட்டிவிடத் தெரியும்?"

எஸ்தர் போன் பண்ணினாள். "அக்கா நடக்காளா அத்தான்?" நடக்கவில்லை என்றேன். நடக்க மாட்டாள் என்றேன். நான் சொன்னதெல்லாம் பொய் என்றேன். எஸ்தர் போனை வைத்துவிட்டாள்.

டிசம்பர் 4, திங்கள்

வேன் பதினொரு மணிக்கு வருவதாக இருந்தது.

பத்தரைக்கு அவள் ஸ்வெட்டர் போட்டு, தலை சீவி, கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். வலது கையால் தானே சீவினாள், வகிடு கோணலாக இருந்தது. நான் சரிபண்ணப் போனேன், கையைத் தட்டிவிட்டாள்.

"ஒருக்க" என்றாள்.

"இப்பமா? வேன் வருதுட்டி."

"கமாண்ட்."

நேராக நின்றேன். மைதானத்தில் நிற்பது போல. நோஸே! எழு! என்றேன். வலது கையை மேஜையில் ஊன்றி எழுந்தாள். ஸேய்ஸோ! மேஜையிலிருந்து கையை எடுத்தாள். நான் தொடவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன், தொட்டுவிடுவேன் என்று பயந்து. எண்ணினேன்.

யுக்ஸி. காக்ஸி. கோல்மே. நேல்யா.

முழங்கால் மடங்கியது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். உதட்டுக்கு மேலே வேர்வை. வெளியே வேன் வந்து நிற்கிற சத்தம் கேட்டது, கதவு திறந்தது, யாரோ பூட்ஸிலிருந்து பனியைத் தட்டினார்கள்.

நீல நோட்டை எடுத்தேன். இனி இதைக் கேட்க ஒருவரும் இல்லை. எந்த அதிகாரியும் கையெழுத்துப் போடப் போவதில்லை. கடைசிப் பக்கத்தில், ஒரே பேனாவில் எழுதினேன்.

"எத்தன போட்டிய?" என்றாள்.

"நாலு."

"அஞ்சு எண்ணுன மாதிரி இருந்துச்சே."

"இல்லட்டி. நாலுதான்."

"சரி" என்றாள். காலிங் பெல் அடித்தது. நான் போய்க் கதவைத் திறந்தேன்.